இரண்டு விசிலும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று பெங்களூர் மர்பி டவுனில் யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல வானம் செய்யறா" என்று சொல்லிவிடுவாள். என்னைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றில் அதுதான் ஓரளவு சரி. கணினிக்குள் கோடிக்கணக்கான புள்ளிகளைத் தூவிவிடுவேன். அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு எப்படித் திரள்கின்றன, இருண்ட ஆற்றல் என்ற ஒன்று வந்து அந்தத் திரட்சியை எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்பேன். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு இதில் ஒரே ஒரு சந்தேகம். "கெடுக்கறது இன்னாதுன்னே தெரியாதுங்கற. அப்புறம் எப்படி ரிப்போர்ட் எழுதற?" என்பார். நியாயமான கேள்விதான். உலகம் முழுக்க எங்கள் தொழிலில் இருப்பவர்கள் யாரிடமும் இதற்குப் பதில் கிடையாது.

எங்கள் குடும்பத்தைக் கெடுத்தது யார் என்பதில் அந்த மாதிரி மர்மம் எதுவும் இல்லை. நான்தான்.

பத்து வருடங்களுக்கு முன் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. அச்சகத்திலிருந்து பத்திரிகையின் புரூஃபை வாங்கிவந்த அப்பா, "நீதான பெரிய படிப்பு படிக்கற, பாத்துக் குடு" என்று என் பக்கம் தள்ளினார். அந்த வாரம் முழுக்க நான் செய்துகொண்டிருந்த வேலை இரட்டைகளை நீக்குவது. பிரபஞ்சத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கணினிகளிடம் கொடுப்போம். எல்லைக்கோட்டில் நிற்கும் புள்ளியை இந்தக் கணினியும் எழுதும், பக்கத்துக் கணினியும் எழுதும். ஒட்டும்போது ஒன்றை அடிக்காவிட்டால் இல்லாத எடை வந்து சேர்ந்துவிடும், எல்லாம் நாசம். ஆகவே ஒரே மாதிரி இரண்டு வரியைக் கண்டால் என் கை தானாகவே ஒன்றை அடித்துவிடும்.

பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன் கீழே இடது பக்கம் அப்பா வழி ஆட்கள், வலது பக்கம் அம்மா வழி ஆட்கள். இடது பக்கம் ஒரு பெயர். வலது பக்கமும் அதே பெயர், அதே இனிஷியல். அச்சகத்துக்காரர் தூங்கிவழிந்திருக்கிறார் என்று முடிவுகட்டி வலது பக்கத்துப் பெயரைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன். ஓரத்தில் 'ரிப்பீட்' என்று எழுதிக் கீழே கோடு வேறு போட்டேன். என்ன திமிர் பாருங்கள்!

இடது பக்கம் இருந்தது அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. வலது பக்கம் இருந்தது அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா. இருவருக்கும் ஒரே சாமியின் பெயரை வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து ஒருவர் மாமா, மற்றவர் சித்தப்பா. அவர்களைப் பெயர் சொல்லி நான் எப்போது கூப்பிட்டேன்?

கல்யாணப் பெண்ணின் தாய்மாமன் பெயர் இல்லாத பத்திரிகையை, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, அப்பா அந்தத் தாய்மாமனிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். மாமா நின்றபடியே படித்தார். அச்சகத்துக்காரர் நான் அடித்த பெயரை எடுத்தாரே தவிர, கீழே இருந்தவர்களை மேலே ஏற்றவில்லை. வலது வரிசையின் நடுவே ஒரு வெள்ளை இடம். விண்மீன் மண்டலங்களின் கூட்டங்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லாமல் கிடக்கும் வெற்றிடங்களைப் பற்றி என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் உண்டு. அவ்வளவு சுத்தமான வெற்றிடத்தை நான் அங்கேகூடப் பார்த்ததில்லை.

"என் பேரு எங்க மாமா?" என்று கேட்டாராம். என் மாமா என் அப்பாவைக் கூப்பிடுவதும் மாமா என்றுதான். அப்படிக் கூப்பிட்டது அதுதான் கடைசித் தடவை.

"நான்தாம்பா புரூஃப் பாத்தேன். கவனிக்கல" என்று அப்பா சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நான் பாத்ததா சொல்லிட்டேன். நீ வாயத் தொறக்காத" என்றார். நானும் திறக்கவில்லை. முதல் மாதம் பயம். ஒரு வருடம் கழித்து, இனிமேல் சொன்னால் ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்பார்களே என்ற பயம். கோழைத்தனத்துக்கு வருடாவருடம் ஒரு புதுக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

மாமா கல்யாணத்துக்கு வந்தார். தாய்மாமன் சீர் குறைவில்லாமல் செய்தார், அக்காவுக்கு மாலை போட்டார், கை நனைக்காமல் கிளம்பிப் போனார். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. பத்து வருடம் எங்கள் படி ஏறவில்லை. வெளியே பார்த்தால் என்னிடமும் அம்மாவிடமும் பேசுவார், அப்பாவிடம் மட்டும் பேச மாட்டார். அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டப்பாவில் அதிரசம் கொடுத்தனுப்புவாள். அதே டப்பா அங்கிருந்து முறுக்கோடு திரும்பி வரும். எங்கள் குடும்பத்தில் டப்பாவுக்கு மட்டும் யார் மேலும் கோபம் இல்லை. "பேரைப் போட மறந்த மனுசனக் கட்டிக்கினு" என்று அம்மா அப்பாவைத் திட்டாத வாரம் கிடையாது. அப்பா பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். நான் குற்ற உணர்ச்சியோடு இன்னொரு தோசை கேட்பேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் அந்தச் செய்தி வந்தது. மாமாவின் மகள் சர்ஜாபூர் பக்கம் அடுக்குமாடியில் வீடு வாங்கிவிட்டாள். இரண்டு மாதத்தில் மாமாவும் அத்தையும் அங்கே போய்விடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மர்பி டவுனிலிருந்து சர்ஜாபூர் அதே பெங்களூர்தானே என்பார்கள். மூன்று பஸ் மாறி, சில்க் போர்டு சிக்னலில் ஒரு ஆயுளைக் கழித்து, அங்கே போய்ச் சேர்ந்து திரும்பினால் பொழுது போய்விடும். கனடாவில் இருக்கும் என் தோழி அடிக்கடி ஊருக்கு வருகிறாள். சர்ஜாபூர் போன யாரும் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அழுதாள். "ரெண்டு தெருவுல இருக்கும்போதே வரல. அவன் இனிமே எங்க வரப்போறான்? போறதுக்குள்ள ஒரு தபா வந்து என் கையால சாப்ட்டானா போதும்" என்றாள்.

என்ன சொல்வதென்று தெரியாமல் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இருண்ட ஆற்றல் வந்து எதையும் பிய்த்துப் போடுவதில்லை. ஏற்கெனவே ஒன்றோடொன்று கட்டுண்டுவிட்ட விண்மீன் மண்டலத்தை, மண்டலங்களின் கூட்டத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அது செய்வதெல்லாம் நடுவில் இருக்கும் வெளியை மேலும் மேலும் வேகமாக விரிப்பதுதான். முதலில் பொருள் நெருக்கமாக இருந்தது, ஈர்ப்புக்குத்தான் செல்வாக்கு. எல்லாம் மெல்ல மெல்லத் திரண்டுகொண்டிருந்தன. வெளி விரிய விரியப் பொருள் நீர்த்துப்போகும், இருண்ட ஆற்றல் மட்டும் நீர்க்காது. அதனால் ஐந்நூறு அறுநூறு கோடி வருடங்களுக்கு முன்பு அதன் கை ஓங்கிவிட்டது. அதற்குப் பிறகு புதிதாகச் சேர்வது குறைந்துகொண்டே வருகிறது. அதற்குள் சேர்ந்தவர்கள் சேர்ந்தவர்கள். பக்கத்தில் வந்தும் கட்டுக்குள் வராதவர்கள் விலகி விலகி, ஒருநாள் அவர்களுடைய வெளிச்சம்கூட நம்மை எட்டாது.

அம்மா மூக்கைச் சிந்தினாள். "அப்போ சீக்கிரமா சேத்து வெக்கணும்னு சொல்லு. இதுக்கு எதுக்குடி கம்ப்யூட்டரு?"

எங்கள் ஆராய்ச்சி நிறுவனம் வருடத்துக்கு ஒருநாள் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும். ஆளுக்கொரு காட்சி வைக்க வேண்டும். போன வருடம் நான் கணினித் திரையில் அண்டவெளிப் பின்னலை ஓட்டிக் காட்டினேன். வந்தவர்கள் "ஸ்கிரீன்சேவர் நல்லாயிருக்கு மேடம்" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். ஆகவே இந்த வருடம் மனிதர்களையே புள்ளிகளாக வைப்பது என்று தீர்மானித்தேன். முற்றத்தில் சுண்ணாம்பால் அறுபது குறிகள் போட்டோம். குறிக்கு ஒரு ஆள். ஒரு விசில் அடித்தால் ஈர்ப்பு. யார் அருகில் இருக்கிறார்களோ அவர்களை நோக்கி ஒரு அடி வைக்க வேண்டும். தொட்டுவிட்டால் கைகோத்துக்கொள்ள வேண்டும், பிறகு விடக்கூடாது. இரண்டு விசில் அடித்தால் இருண்ட ஆற்றல். கைகோத்தவர்கள் கோத்தபடியே ஒரே கூட்டமாகவும், தனியாக நிற்பவர்கள் தனியாகவும், மற்றவர்களைவிட்டு ஒரு அடி பின்வாங்க வேண்டும். முதலில் ஒரு விசில் நிறைய, போகப்போக இரண்டு விசில் நிறைய.

விதிகளைக் காப்பாற்ற என்னோடு ஒரு ஆராய்ச்சி மாணவி இருந்தாள். வட கர்நாடகத்துத் தார்வாடக்காரி, கறார் பேர்வழி. எங்கள் கணினிக்கு இருக்கும் இளக்கம்கூட அவளிடம் கிடையாது.

மாமாவுக்குப் போன் செய்தேன். "மாமா, பேத்தியக் கூட்டிக்கினு வாங்க. அவளுக்குப் பிடிக்கும்."

"உங்கப்பா வர்றாரா?"

"வரலை மாமா."

அடுத்து அப்பாவிடம், "மாமா வரலை, நீங்க வாங்க" என்றேன். ஒரே காலையில் இரண்டு பொய். அறிவியலைப் பரப்புவதற்கு இதெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது.

கதவைத் திறந்துவிட்ட நாளன்று காலையில் நடந்த முதல் ஆட்டம் மானக்கேடு. வெயில் ஏறியிருந்தது. நான் எந்த விசில் அடித்தாலும் அறுபது பேரும் முற்றத்தின் ஓரத்திலிருந்த தூங்குமூஞ்சி மர நிழலை நோக்கியே நகர்ந்தார்கள். ஐந்து நிமிடத்தில் பிரபஞ்சம் முழுவதும் மரத்தடியில் நின்று மோர் குடித்தது. "இதான் மேடம் டார்க் எனர்ஜியா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை சார், இது மோர் என்று சொல்லிவிட்டு, மோர் அண்டாவைக் கட்டடத்துக்குள் தூக்கி வைக்கச் சொன்னேன்.

இரண்டாவது ஆட்டத்துக்கு ஆட்களை நிறுத்தும்போது அவர்கள் வந்தார்கள். ஒரு வாசலில் அப்பாவும் அம்மாவும், இன்னொரு வாசலில் மாமாவும் பேத்தியும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். "சீக்கிரம், சீக்கிரம், டைம் ஆச்சு" என்று அவசரப்படுத்தி, அப்பாவை ஒரு குறியிலும் மாமாவை அடுத்த குறியிலும் நிறுத்தினேன். பேத்தியைப் பள்ளிப் பிள்ளைகளோடு விட்டேன். அம்மாவை எங்கே நிறுத்துவது என்று யோசிக்க நேரமில்லாமல் அவர்களுக்கு முன்னால் இருந்த குறியைக் காட்டினேன்.

என் திட்டம் சுலபமானது. அருகில் இருப்பவரை நோக்கித்தானே போக வேண்டும்? வேறு வழியில்லாமல் சேர்வார்கள். விசில் அடித்தேன். அப்பா தனக்கு மறுபக்கம் நின்ற ஒரு ஐ.டி. இளைஞனை நோக்கி ஒரு அடி வைத்தார். அவனோ போனைப் பார்த்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்விட்டான். மாமா வானத்தைப் பார்த்தபடி ஒரு அடி வைத்தார். அது யாரை நோக்கியும் இல்லை.

"சார், நீங்க ரூல்ஸ் ஃபாலோ பண்ணல" என்றாள் தார்வாடக்காரி. "நியரஸ்ட் யாரு? அந்த அம்மா."

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு தள்ளிப்போனதில், இருவருக்குமே இப்போது மிக அருகில் இருந்தது அம்மாதான். அடுத்த விசிலுக்கு அப்பா அம்மாவை நோக்கி ஒரு அடி, மாமா அம்மாவை நோக்கி ஒரு அடி. அம்மா மட்டும் நகரவே இல்லை. "எனக்கு முட்டி வலி" என்றாள். மூன்றாவது விசிலில் அம்மாவின் வலது கை அப்பாவிடமும் இடது கை மாமாவிடமும் இருந்தன. என் துறையில் கண்ணுக்குத் தெரியாமல் நடுவில் இருந்துகொண்டு எல்லோரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும் பொருள் ஒன்று உண்டு, இருண்ட பொருள் என்போம். அதற்காகத் தனியாக ஒரு ஆட்டம் வைத்திருக்கலாம் போல.

இரண்டு விசில் அடிக்க ஆரம்பித்தேன். முற்றம் பிரிந்தது. தனியாக நின்றவர்கள் சுவரை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். கைகோத்த கூட்டங்கள் அப்படியே, ஆனால் ஒன்றைவிட்டு ஒன்று தள்ளிப் போயின. இவர்கள் மூவரும் ஒரு கூட்டம், ஒரே திசையில் பின்வாங்க வேண்டும். அப்பா இடது பக்கம் இழுத்தார், மாமா வலது பக்கம் இழுத்தார்.

"ஐயோ, என்ன ரெண்டா கிழிக்கப் போறீங்களா?" என்று அம்மா கத்தினாள்.

மாமா கையை உருவப் பார்த்தார். தார்வாடக்காரி ஓடிவந்தாள். "பிடபேடி சார்! கை பிடபேடி!" விடாதீர்கள் என்று அவள் கன்னடத்தில் போட்ட கூச்சலுக்கு முற்றமே திரும்பிப் பார்த்தது. "நீவு பவுண்ட் ஆகிட்டீங்க, கட்டுக்குள்ள வந்துட்டீங்க. அப்புறம் விட முடியாது!"

அப்பா அம்மாவிடம் சொன்னார்: "உன் தம்பிய இந்தப் பக்கம் வரச் சொல்லு."

மாமா அம்மாவிடம் சொன்னார்: "க்கா, அந்தப் பக்கம் மரம் இருக்கு. கண்ணு தெரியலையான்னு கேளு."

அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு யாரிடமும் எதையும் சொல்லவில்லை. நான் மறுபடி இரண்டு விசில் அடித்தேன். அப்பா வீம்பாகப் பின்னால் ஒரு அடி வைத்தார். குதிகால் மரத்தின் வேரில் தட்டியது. ஆள் அப்படியே சாய்ந்தார்.

"மாமா, பாத்து!"

சொன்னது மாமா. சொன்னதோடு, அம்மாவின் கையை விடாமலே அந்தப் பக்கம் பாய்ந்து அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். அப்பா விழவில்லை. மூவரும் ஒரு வட்டமாக, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். பத்து வருடத்துக்கு அப்புறம் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. ஓடிப்போய் வாயைத் திறந்தேன். வாயில் விசில் இருந்ததை மறந்துவிட்டேன். 'பீப் பீப்' என்றது. முற்றத்திலிருந்த அத்தனை பேரும் ஒழுங்காக ஒரு அடி பின்வாங்கினார்கள். விசிலைத் துப்பினேன்.

"மாமா, அக்கா பத்திரிகைல உங்க பேர அடிச்சது நான். அப்பா இல்ல. சித்தப்பா பேரு ரெண்டு தடவ வந்துடுச்சின்னு நெனச்சி அடிச்சிட்டேன்."

"நீயாடி?" என்றாள் அம்மா. பத்து வருடமாகத் தவறான ஆளைத் திட்டியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. என்னை அறையக் கை தூக்கப் பார்த்தாள். இரண்டு கையும் மாட்டியிருந்ததால் நான் பிழைத்தேன்.

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்தார். "பத்து தீவாளி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நீங்க வேணும்னே செஞ்சீங்கன்னு இல்ல நான்..."

அப்பா சட்டையைச் சரிசெய்ய முடியாமல் அப்படியே நின்றார். "நீ என்கிட்ட பேசலைன்னா எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாதுப்பா. நான் தாங்கிக்குவேன். இந்தப் பொண்ணுகிட்ட நீ பேசாம போயிருந்தா? சின்னதுல உன் தோள விட்டு எறங்குச்சா இது? அழுதே செத்திருக்கும்."

அதைக் கேட்டு நான் அங்கேயே, அறுபது புள்ளிகளுக்கு முன்னால், அழுதேன். தார்வாடக்காரி மட்டும் நிலைகுலையவில்லை. "மேடம், நெக்ஸ்ட் பேட்ச் வெயிட்டிங்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் படி ஏறினார். அம்மா கறிக்குழம்பு வைத்து, போதும் போதும் என்றாலும் விடாமல் மூன்று தடவை சோறு போட்டாள். மாமா அப்பாவிடம் கிரிக்கெட் பேசினார், அம்மாவிடம் சர்ஜாபூர் தண்ணீர் பற்றிப் பேசினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் "க்கா, உம்பொண்ண உப்பு எடுக்கச் சொல்லு" என்றார். அப்பா சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இது மூன்று வாரம் நீடித்தது, மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்து வருடத்தை அப்பா எப்படி இறக்கினாரோ.

நான்காவது வாரம் மாமா ஒரு தாளோடு வந்து நேராக என் முன்னால் உட்கார்ந்தார். சர்ஜாபூர் வீட்டின் புதுமனை புகுவிழாப் பத்திரிகை, புரூஃப். பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவையும் வைத்தார்.

"பாத்துக் குடு" என்றார்.

ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன் கீழே முதல் பெயர் அப்பாவுடையது. படித்துக்கொண்டே இறங்கினேன். கடைசியிலும் அப்பாவின் பெயர். அதே இனிஷியல்.

"மாமா, அப்பா பேரு ரெண்டு தடவ வந்திருக்கு."

"தெரியும். நான்தான் போடச் சொன்னேன்" என்றார். "நீ ஒண்ண அடிச்சாலும் இன்னொண்ணு இருக்கும்ல."

பேனாவை மூடி அவரிடமே கொடுத்தேன்.